செவில்ல 6 ராத்திரி தங்கி கோர்டோபா, கிரனாடா, ரோண்டா எல்லாம் டே ட்ரிப்பா போயிட்டு வர முடியுமா?

மூட்டைமுடிச்சு:
வணக்கம் மக்களே. அக்டோபர் நடுவுல ஸ்பெயின் போறோம். நான், மனைவி, 10 வயசு பையன், அப்புறம் அம்மா. அம்மாவுக்கு 67, முழங்கால் வலி, படி நிறைய ஏறினா அடுத்த ரெண்டு நாள் எழுந்துக்க மாட்டாங்க. மாட்ரிட்ல இறங்கி மாட்ரிட்லயே ஃப்ளைட் ஏறணும், அது புக் ஆயிடுச்சு, மாத்த முடியாது. நடுவுல ஆண்டலூசியாவுக்குன்னு (தெற்கு ஸ்பெயின், செவில் எல்லாம் இருக்குற பகுதி) 6 ராத்திரி ஒதுக்கியிருக்கேன். ஹோட்டல் மாத்திட்டே இருந்தா பெட்டி கட்டுறதுலயே பாதி லீவு போயிடும்னு செவில்ல ஒரே ஒரு அபார்ட்மெண்ட் பாத்து வச்சிருக்கேன், இன்னும் பணம் கட்டல. அங்கேர்ந்து காலைல கிளம்பி ராத்திரி திரும்புற மாதிரி கோர்டோபா ஒரு நாள், கிரனாடா ஒரு நாள், ரோண்டா ஒரு நாள், காடிஸ் ஒரு நாள், மிச்சம் இருக்குறது செவில்னு கணக்கு போட்டிருக்கேன். சரியா வருமா? ட்ரெயினா காரா? அம்மா சுத்த சைவம் வேற, முட்டை கூட தொட மாட்டாங்க, அதுக்கும் யாராவது வழி சொல்லுங்க.

ஊர்சுத்தி_78:
சார், முதல்ல கிரனாடாவை அந்த லிஸ்ட்லேர்ந்து தூக்குங்க. இதே தப்பை நாங்க பண்ணியாச்சு. செவில்லேர்ந்து போக கிட்டத்தட்ட மூணு மணி நேரம், வர மூணு மணி நேரம். நடுவுல அல்ஹம்ப்ரா ஒரு கட்டடம்னு நெனச்சிட்டு போனோம், அது ஒரு மலை மேல ஒரு ஊரே இருக்குற மாதிரி: கோட்டை, நஸ்ரிட் அரண்மனைகள், அப்புறம் ஹெனெராலிஃபே தோட்டம், எல்லாம் பாத்து முடிக்க சில கிலோமீட்டர் நடக்கணும். டிக்கெட்ல நஸ்ரிட் அரண்மனைக்குள்ள போறதுக்குன்னு ஒரு நேரம் போட்டிருக்கும், அந்த நேரத்தை விட்டுட்டா அவ்வளவுதான், கெஞ்சினாலும் விட மாட்டாங்க. எங்க பஸ் லேட்டாகி நாங்க அந்த வாசலுக்கு ஓடின ஓட்டம் இருக்கே, அதுல என் மாமியார் என்கூட ரெண்டு நாள் பேசல. டிக்கெட் பேர்ல வரும், எல்லாருக்கும் ஒரிஜினல் பாஸ்போர்ட் கையில வேணும். அக்டோபர்னா இப்பவே பாருங்க, வாரக்கணக்கா முன்னாடியே தீந்துடும். திரும்பற பஸ்ஸுக்காக சாயங்காலம் அல்பைசின் (எதிர்மலைல இருக்குற பழைய குடியிருப்பு) பக்கம் போகாமலே வந்துட்டோம், சான் நிக்கோலாஸ் மேடைலேர்ந்து எதிர்மலைல அல்ஹம்ப்ரா செவக்குறதைப் பாக்கத்தான் அந்த ஊருக்கே போறாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

மாட்ரிட்_மருமக:
நான் இங்க 9 வருஷமா இருக்கேன், ஊர்லேர்ந்து வர்ற சொந்தக்காரங்க எல்லாருக்கும் நான்தான் கைடு, அதனால கொஞ்சம் உரிமையா சொல்றேன். உங்க பிளான் தலையைச் சுத்தி மூக்கைத் தொடுற மாதிரி இருக்கு தம்பி. மாட்ரிட்லேர்ந்து செவில் போற அதிவேக ட்ரெயின் (1992ல எக்ஸ்போ சமயத்துல ஆரம்பிச்சது) கோர்டோபா வழியாத்தான் போகுது. அதாவது நீங்க கோர்டோபாவைத் தாண்டி செவில் போயி, மறுநாள் டிக்கெட் எடுத்து திரும்ப கோர்டோபா வந்து, ராத்திரி மறுபடி செவில் போவீங்க. எதுக்கு? அதே மாதிரி கிரனாடாவுலேர்ந்து மாட்ரிட்டுக்கு 2019லேர்ந்து அதிவேக ட்ரெயின் நேரா இருக்கு, மூணரை மணி நேரம்கூட ஆகாது. ஆக வளையமா போங்க. மாட்ரிட்லேர்ந்து ஒண்ணே முக்கால் மணில கோர்டோபா, அங்க ஒரு ராத்திரி. மறுநாள் மத்தியானம் முக்கால் மணி நேரத்துல செவில், மூணு ராத்திரி. அப்புறம் கிரனாடா ரெண்டு ராத்திரி, அங்கேர்ந்து நேரா மாட்ரிட். பெட்டி ரெண்டு தடவை கூடுதலா கட்டணும், ஒத்துக்குறேன், ஆனா தினமும் மணிக்கணக்கா வண்டில உக்காந்தா அம்மா முழங்கால் என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க.

கோர்டோபால தங்கச் சொல்றதுக்கு இன்னொரு காரணம் மெஸ்கீத்தா, அதாவது மசூதியா கட்டி அப்புறம் கதீட்ரலா மாத்தின கட்டடம். ஞாயிறு தவிர மத்த நாள்ல காலைல எட்டரைக்கு ஒரு மணி நேரம் போல குரூப் இல்லாதவங்களை இலவசமா விடுவாங்க (விசேஷ நாள்னா இருக்காது, முந்தின நாளே பாத்துக்கோங்க). காசு மிச்சம்கிறதை விடுங்க, அந்த அமைதிக்காகப் போங்க. 785ல முதலாம் அப்துர் ரஹ்மான் ஆரம்பிச்சது, 850க்கு மேல தூண். ஆரம்ப காலத் தூண்கள் பலதும் பழைய ரோமன், விசிகோத் கட்டடங்கள்லேர்ந்து எடுத்து வந்தது, உயரம் பத்தல, அதனால வளைவு மேல இன்னொரு வளைவு வச்சு கூரையைத் தூக்கியிருக்காங்க. எல்லாரும் போட்டோ எடுக்குற அந்த செவப்பு வெள்ளை ரெட்டை வளைவு அழகுக்கு மட்டும் இல்ல, உயரத்துக்கும் பண்ண வேலை. உங்க பையனுக்கு இதைச் சொல்லி கூட்டிட்டுப் போங்க. நடுவுல திடீர்னு ஒரு சர்ச் முளைச்சு நிக்கும், 1523ல அந்த வேலை ஆரம்பிச்சாங்க. உள்ள தரை சமமாத்தான் இருக்கும், அம்மா நிம்மதியா நடக்கலாம். அக்டோபர்ல இங்க சூரியன் எட்டேகாலுக்கு மேலதான் வரும், அதனால ஆறு மணிக்கு எழுப்பி யாரையும் படுத்தாதீங்க.

சாப்பாடு: "சின் கார்னே" (கறி இல்லாம)னு மட்டும் சொன்னா போதாது, ஹமோனையும் டூனாவையும் பல பேர் இங்க கறிக் கணக்குலயே சேக்க மாட்டாங்க, சாலட் மேல வந்து உக்காந்திருக்கும். "சின் ஹமோன், சின் அத்தூன், சின் உவேவோ"ன்னு மூணும் சொல்லுங்க, அதாவது ஹாம், டூனா, முட்டை மூணும் வேண்டாம். கோர்டோபா சால்மொரேஹோ (தக்காளி, ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் அரைச்சு ஜில்லுனு தருவாங்க) நல்லா இருக்கும், ஆனா மேல ஹாமும் அவிச்ச முட்டையும் தூவித்தான் வரும், சொல்லி வச்சா போட மாட்டாங்க. செவில்ல எஸ்பினாகாஸ் கோன் கர்பான்ஸோஸ் கேளுங்க, கீரையும் கொண்டைக்கடலையும் சீரகம் பூண்டு போட்டு செஞ்சது, அம்மா நம்ம கூட்டுன்னே நெனப்பாங்க. மத்தியானம் நாலு மணிக்கு மேல கிச்சன் மூடிடுவாங்க, ராத்திரி எட்டரைக்கு மேலதான் திரும்ப அடுப்பு எரியும், நடுவுல பையனுக்குப் பசிச்சா பழம் பிஸ்கட் கைல வச்சுக்கோங்க.

டீசல்_பாண்டி:
அக்கா சொல்ற வளையம் ஓகே, ஆனா ரோண்டாவை அப்படியே விட்டுட்டீங்களே. செவில்லேர்ந்து ஒரே ஒரு நாளுக்கு கார் எடுங்க ப்ரோ. பஸ்ல போயி ரோண்டா பாலத்தை மட்டும் பாத்துட்டு வர்றது கல்யாணத்துக்குப் போயி மொய் மட்டும் வச்சிட்டு பந்தில உக்காராம வர்ற மாதிரி. கார் இருந்தா போற வழில ஸஹாரா தே லா சியெர்ரா, பாறைக்கு அடியிலேயே வீடு கட்டியிருக்குற செதெனில், அந்த வெள்ளை ஊர் எல்லாம் பாக்கலாம். ரோண்டா புதுப் பாலம்னு பேரு, முடிச்சது 1793ல, 98 மீட்டர் உயரம், கைப்பிடிச் சுவர்லேர்ந்து எட்டிப் பாத்தாலே வயிறு கலங்கும், அதுக்கு அம்மா ஒரு படி கூட ஏற வேண்டாம். கீழ இறங்குற பாதை மட்டும் அவங்களுக்கு வேண்டாம். இந்தியா லைசென்ஸ்னா இன்டர்நேஷனல் பெர்மிட் ஊர்லயே ஆர்டிஓல வாங்கிட்டு வரணும். செவில் பழைய ஊருக்குள்ள கார் கொண்டு போகாதீங்க, சந்து எல்லாம் ஆட்டோ கூட திரும்பாது, ட்ரெயின் ஸ்டேஷன் பக்கமே எடுத்து அங்கேயே விட்டுடுங்க. கிராஸலேமா மலை ரோடு மட்டும் வளைவு ஜாஸ்தி, வாந்தி வர்ற ஆளுங்க இருந்தா அந்தப் பக்கம் வேண்டாம்.

மாட்ரிட்_மருமக:
பாண்டி, ரோண்டா அழகுதான், யார் இல்லைன்னா. ஆனா மூணு ராத்திரில அவங்களுக்கு முழுசா கிடைக்குறது ரெண்டே நாள், ஒண்ணு செவிலுக்கே வேணும். மிச்சம் ஒரு நாள்ல ரோண்டாவா காடிஸான்னா நான் காடிஸ்தான் சொல்வேன். ட்ரெயின்ல ஒண்ணே முக்கால் மணிக்குள்ள போயிடலாம், ஸ்டேஷன் பழைய ஊர் வாசல்லயே இருக்கு, ஊர் பூரா சமதரை, மூணு பக்கமும் கடல். ஃபினீஷியர்கள் காலத்துத் துறைமுகம், 1812ல ஸ்பெயினோட முதல் அரசியல் சட்டம் இங்கதான் அறிவிச்சாங்க. லா கலேதா பீச்ல அம்மா உக்காந்திருக்கட்டும், நீங்க பையனைக் கூட்டிட்டு தவீரா கோபுரம் ஏறுங்க, மேல கேமரா ஆப்ஸ்க்யூரா இருக்கு, இருட்டு ரூம்ல ஊரே நகர்றது தெரியும். அந்தப் படி அம்மாவுக்கு ஆகாது.

மூட்டைமுடிச்சு:
அய்யோ நல்லவேளை பணம் கட்டல. ராத்திரி வீட்ல படிச்சுக் காட்டினேன், அம்மா "கடல் இருக்குற ஊருக்கே போவோம்டா"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டாங்க, பாண்டி ப்ரோ மன்னிச்சிடுங்க. இன்னும் ரெண்டு கேள்வி. செவில் கதீட்ரல் கோபுரம் (ஹிரால்தா) அம்மா ஏறலாமா? செவில் நாள் எங்களுக்கு திங்கக்கிழமை வருது, பக்கத்துல இத்தாலிகா ரோமன் இடிபாடு அரை நாள்ல பாக்கலாமா?

ஊர்சுத்தி_78:
இத்தாலிகா திங்கள் லீவு சார், போயிடாதீங்க. ஹிரால்தால படி கிடையாது, 35 சரிவுப் பாதை, அது மசூதி கோபுரமா இருந்த காலத்துல பாங்கு சொல்றவர் குதிரைலயே மேல போறதுக்காகக் கட்டினதுன்னு சொல்வாங்க, கடைசில மட்டும் கொஞ்சம் படி வரும். ஆனா சரிவும் முழங்காலுக்கு சுகம்னு நான் சொல்ல மாட்டேன், அதுவும் இறங்கும்போது. எங்க மாமியார் பாதில நின்னு ஜன்னல் வழியா பாத்துட்டு இறங்கிட்டாங்க, அதுவே போதும்னாங்க. கீழ கொலம்பஸ் கல்லறைகிட்ட உக்கார இடம் பாத்து அம்மாவை விட்டுட்டு நீங்க மூணு பேரும் ஏறிட்டு வாங்க. அல்ஹம்ப்ரா டிக்கெட் போட்டாச்சா இல்லையா, அதை முதல்ல சொல்லுங்க.

மூட்டைமுடிச்சு:
இப்பதான் சைட்ல உக்காந்திருக்கேன். கிரனாடால ரெண்டாவது நாள் காலைல 11 மணி ஸ்லாட் நாலு இருக்கு, பாஸ்போர்ட் நம்பர் டைப் பண்ணிட்டு வர்றேன்.