மக்காச்சோள ஒட்டுரக விதை எங்கே கிடைக்கும்?

வணக்கம். பெரம்பலூர் மாவட்டம், வேப்பந்தட்டை பக்கம். கரிசல் மண், மானாவாரி, 4 ஏக்கர். புரட்டாசிப் பட்டத்துக்கு உழுது போட்டாச்சு. ஏக்கருக்கு 8 கிலோ வீதம் 32 கிலோ விதை வேண்டும்.

வழக்கமாகப் போடும் தனியார் ஒட்டுரகம் எங்கேயும் இல்லை. ஆத்தூர், துறையூர் கடைகளிலும் கேட்டுப் பார்த்துவிட்டேன். வேளாண் விரிவாக்க மையத்தில் இருப்பு தீர்ந்துவிட்டது. ஒரு கடையில் மட்டும் இருந்தது. அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டதோடு, பூச்சிமருந்தும் சேர்த்து வாங்கினால்தான் தருவார்களாம், அதுவும் பில் இல்லாமல். நாளை முளைக்காவிட்டால் யாரிடம் போய் நிற்பது? இது அநியாயம்.

வீட்டில் போன வருடத்துக் கதிர் இருக்கிறது. ஒட்டுரகத்தில் எடுத்த விதையை மறுபடி போட்டால் பயிர் ஒன்றுபோல வராது, மகசூலும் விழும். அதனால் அது வேண்டாம்.

நல்ல மழை பெய்திருக்கிறது, மண்ணை அள்ளிப் பிடித்தால் உருண்டை உடையாமல் நிற்கிறது. இந்த ஈரம் காய்வதற்குள் விதைக்க வேண்டும்.

வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ.எச்.எம். 8 விதை, சான்று அட்டையும் பில்லுமாக, எங்கள் பக்கம் இப்போது எங்கே கிடைக்கும்?