பக்கத்து வீட்டு வைஃபை: எப்படிச் சொல்வது?
மூன்று வாரம் முன்பு என் ரூட்டர் படுத்துவிட்டது. அவசரத்துக்குக் கடவுச்சொல் இல்லாத பக்கத்து வீட்டு வைஃபையில் லேப்டாப்பை (விண்டோஸ் 10) இணைத்தேன். ரூட்டர் சரியான பிறகும், என் சிக்னல் விழும்போதெல்லாம் லேப்டாப் தானாகவே அங்கே தாவியிருக்கிறது. நேற்றுதான் கவனித்தேன். அந்த இணைப்பை நீக்கிவிட்டேன், என் பக்கம் சரி.

உறுத்துவது வேறு. பூட்டாத வீடு என்றால் உள்ளே போகலாமா என்ன? அவர்கள் டேட்டாவுக்கு அளவு இருந்தால் நான் தின்றது அவர்கள் காசு. அப்புறம், வேறு யாராவது அதில் நுழைந்து வம்பு செய்தாலும் ஐபி முகவரி (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) அவர்களைத்தான் காட்டும். இரண்டு முறை கதவைத் தட்டினேன், ஆளில்லை. சீட்டு எழுதி வைக்கப்போகிறேன்.

டபிள்யூபிஏ2 (வைஃபையைப் பூட்டும் பாதுகாப்பு முறை) போட்டுக் கடவுச்சொல் வையுங்கள் என்று மட்டும் எழுதலாமா, நான் பயன்படுத்தியதையும் சொல்ல வேண்டுமா?