மைக்ரோசாஃப்ட் மணியிலிருந்து லினக்ஸில் குனுகேஷுக்கு: ஏடிஎம்மில் எடுத்த பணம் எல்லாம் இரண்டு முறை வருகிறது, உதவுங்கள்

வீட்டுக்கணக்கு:

வணக்கம். 2008-இலிருந்து வீட்டு வரவு செலவை மைக்ரோசாஃப்ட் மணியில்தான் எழுதி வருகிறேன். 2009-இல் அதன் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். அடுத்த வருடம் இலவசமாக விட்ட கடைசிப் பதிப்பை வைத்தே இத்தனை நாள் ஓட்டிவிட்டேன். எங்கள் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 ஏறாது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்ததும், தம்பி அதற்குப் பதில் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தான். மணி இப்போது பழைய லேப்டாப் ஒன்றில் மட்டும் இருக்கிறது.

ஒவ்வொரு கணக்கையும் கியூஐஎஃப் கோப்பாக (கணக்கு வரிகளை வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோகும் டெக்ஸ்ட் கோப்பு) எடுத்து, குனுகேஷ் என்ற இலவசக் கணக்கு மென்பொருளில் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றினேன். கோப்புகளுக்கு எஸ்பி (சேமிப்புக் கணக்கு), ரொக்கம், ஆர்டி (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) என்று சுருக்கமாகப் பெயர் வைத்திருந்தேன். வந்த குழப்பங்கள்:

ஏடிஎம்மில் 5,000 எடுத்தால் அது இரண்டு முறை பதிவாகியிருக்கிறது. "எஸ்பி" என்று ஒரு கணக்கு இருக்க, "சேவிங்ஸ்" என்று இன்னொன்றும் தானாக முளைத்திருக்கிறது. எல்லாத் தொகையும் டாலரில் நிற்கிறது. ஆர்டி கணக்கைப் பார்த்துத்தான் பயந்துவிட்டேன். மாதாமாதம் 5-ஆம் தேதி கட்டிய தவணைகள் எல்லாம் மே 1, மே 2, மே 3 என்று மே 12 வரை வரிசையாக நிற்கின்றன!

மாமனாருக்கு வாங்கிய மருந்து, மகளுக்குக் கட்டிய முதல் பள்ளிக் கட்டணம் எல்லாம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. விட மனசில்லை. எங்கே தப்பு செய்தேன்?

மின்ட்_பயனர்:

பழையதை அப்படியே லேப்டாப்பில் விட்டுவிட்டு, ஏப்ரல் 1 இருப்பை மட்டும் போட்டுப் புதிதாகத் தொடங்கலாமே? நான் அப்படித்தான் செய்தேன். ஒரு மாலையில் வேலை முடிந்தது.

பேரேடு:

மின்ட் நண்பர் சொன்ன வழி பலருக்குப் போதும். ஆனால் மியூச்சுவல் ஃபண்டோ மனையோ இருந்தால், விற்கும்போது மூலதன ஆதாய வரிக்கு வாங்கிய தேதியும் விலையும் தேவைப்படும். லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க் ஒருநாள் போனால் அதுவும் போச்சு. அக்கா, நீங்கள் கொண்டுவர நினைப்பதே சரி.

கோப்புகளில் பழுது எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை, ஏற்றிய விதத்தில்தான் சிக்கல். சேவிங்ஸிலிருந்து ரொக்கத்துக்குப் போன பணம் இரண்டு கோப்பிலும் ஒவ்வொரு முறை எழுதப்பட்டிருக்கும். எஸ்பி கோப்பை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பாருங்கள். எல் என்ற எழுத்தில் தொடங்கும் வரியில், சதுர அடைப்புக்குறிக்குள் எதிர்க்கணக்கின் பெயர் இருக்கும். ரொக்கம் கோப்பில் அந்த இடத்தில் "சேவிங்ஸ்" என்று இருக்கும், ஏனென்றால் மணியில் அந்தக் கணக்கின் பெயர் அது. நீங்கள் கோப்புக்கு எஸ்பி என்று பெயர் வைத்துவிட்டீர்கள். கோப்புக்குள் கணக்கின் பெயர் கிடைக்காவிட்டால் குனுகேஷ் கோப்பின் பெயரையே எடுத்துக் காட்டும், நாமும் சரி என்று அழுத்திவிடுவோம். அதற்கு எஸ்பி வேறு, சேவிங்ஸ் வேறு. இரண்டாவது கணக்கு முளைத்ததும் பணம் இரட்டித்ததும் இதனால்தான்.

முதலில் மணியில் உள்ள கணக்குப் பெயரையே எழுத்துப் பிசகாமல் கோப்புக்கு வையுங்கள். அப்புறம் முக்கியமான விஷயம்: எல்லாக் கோப்பையும் ஒரே தடவையில் ஏற்ற வேண்டும். ஒரு கோப்பு ஏறியதும் "இன்னொரு கோப்பு" என்று கேட்கும் இடத்திலேயே அடுத்ததைச் சேருங்கள். எல்லாம் சேர்ந்த பிறகே அடுத்த பக்கம் போங்கள். அப்போதுதான் இரண்டு பக்கத்து வரிகளையும் குனுகேஷ் ஒரே பரிமாற்றமாக இணைக்கும்.

ஆர்டி விவகாரம் தேதி வடிவத்தால் வந்தது. கோப்பில் ஒரே ஒரு தேதியாவது 12-க்கு மேல் இருந்தால் எது நாள், எது மாதம் என்று அதுவே கண்டுபிடித்துவிடும். உங்கள் தவணை எல்லாம் 5-ஆம் தேதி. 05/06 என்பது ஜூன் 5-ஆ, மே 6-ஆ என்று அதற்குத் தெரியாது, அதனால் கேட்டிருக்கும். நீங்கள் மாதம் முதலில் வருவதைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். நாள்-மாதம்-வருடம் என்பதைக் கொடுங்கள்.

கியூஐஎஃப் கோப்பில் நாணயம் எது என்ற தகவலே கிடையாது. ஏற்றும்போது கேட்கும் பக்கத்தில் இந்திய ரூபாயைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மின்ட்டை அமெரிக்க ஆங்கிலத்தில் நிறுவியிருந்தால் டாலர்தான் முன்னால் நிற்கும். பரிவர்த்தனை ஏறிய கணக்கில் நாணயத்தை மாற்ற முடியாது. அதனால் இப்போது இருப்பதை அழித்துவிட்டு, காலியான புதிய கோப்பிலிருந்து தொடங்குங்கள்.

வீட்டுக்கணக்கு:

ரொம்ப நன்றி தம்பி. நேற்று இரவு உட்கார்ந்து 9 கோப்பையும் ஒன்றாக ஏற்றினேன். ஏடிஎம் வரிகள் ஒற்றையாகிவிட்டன. ஆர்டி அந்தந்த மாதத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. ஆனால் மொத்த இருப்பு மட்டும் மணியில் உள்ளதைவிட 9,742 ரூபாய் குறைகிறது. 17 வருடக் கணக்கில் எங்கே தேடுவது?

பேரேடு:

எல்லா வரியையும் பார்க்க வேண்டாம். மார்ச் 31-களை மட்டும் பாருங்கள். இரண்டு மென்பொருளிலும் ஒவ்வொரு வருடத்து மார்ச் 31-க்கும் மொத்த இருப்பை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். எந்த வருடத்தில் முதன்முதலாகப் பிரிகிறதோ, அந்த 12 மாதத்துக்குள்தான் தப்பு இருக்கிறது. அதன்பின் அதே வருடத்தில் மாதக் கடைசிகளைப் பாருங்கள்.

இன்னொன்று, இம்பேலன்ஸ் என்று தொடங்கும் கணக்கில் தொகை ஏதாவது நிற்கிறதா என்றும் பாருங்கள். எதிர்க்கணக்கு கிடைக்காத வரிகள் அங்கேதான் போய் விழும்.

வீட்டுக்கணக்கு:

கிடைத்துவிட்டது! இம்பேலன்ஸில் ஒன்றும் இல்லை. 2014 மார்ச் வரை பைசா சுத்தமாகப் பொருந்தியது, 2015-இல் பிரிந்தது. 2012 ஜூனில் 50,000 ரூபாயை 9 சதவீத வட்டிக்கு இரண்டு வருட எஃப்டி போட்டிருந்தோம். 2014 ஜூனில் 59,742 வந்தது. முதிர்ந்ததும் அந்தக் கணக்கை மணியில் மூடிவிட்டேன், ஏற்றுமதி செய்யும்போது நினைவே வரவில்லை. குனுகேஷில் போன 50,000-மும் வந்த 59,742-ம் சேவிங்ஸ் வழியாகப் பதிவாகி, நடுவில் வட்டி வரி மட்டும் இல்லை. எஃப்டி கணக்கு மைனஸ் 9,742-இல் நின்றது.

மூடிய கணக்கைத் திறந்து அதையும் எடுத்து, பத்துக் கோப்பையும் முதலிலிருந்து ஏற்றினேன். இப்போது எல்லா மார்ச் 31-ம் பொருந்துகிறது. மணியில் போட்டு வைத்திருந்த மாதாந்தர நினைவூட்டல்கள் வரவில்லை, அது மட்டும்தான் பாக்கி.

பேரேடு:

அவை கியூஐஎஃப்-இல் வராது, பட்ஜெட்டும் அப்படித்தான். கையால்தான் போட வேண்டும். கரண்ட் பில், இன்சூரன்ஸ், வாடகை என்று பத்துப் பதினைந்துதானே இருக்கும். மணியின் மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள், பென் டிரைவில் ஒரு பிரதி இருக்கட்டும். குனுகேஷ் கோப்பை விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் அப்படியே திறக்கலாம், நாளைக்கு மகள் மேக் வாங்கினாலும் இந்த ஏற்றுமதி வேலை திரும்ப வராது.

வீட்டுக்கணக்கு:

பிரதி எடுத்து பீரோவில் பாஸ்புக்குகளோடு வைத்துவிட்டேன். நினைவூட்டல்களில் இன்சூரன்ஸை முதலில் போட்டாச்சு, 12-ஆம் தேதி கடைசி நாள்.