ஏடி149 டிரான்சிஸ்டருக்குப் பதில் 2என்3055 போடலாமா?

கேள்வி:
1960களின் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைச் சரி பார்க்கிறேன். அவுட்புட்டில் இரண்டு ஏடி149, ஒன்று ஷார்ட். உறை அதே டிஓ-3 உலோக வகைதானே, 2என்3055 மாட்டிவிடலாமா?

பதில்:
வேண்டாம். ஏடி149 ஜெர்மானியம், பிஎன்பி. 3055 சிலிக்கான், என்பிஎன், அதாவது மின் துருவம் நேர் எதிர். பயாஸும் (டிரான்சிஸ்டரை வேலை நிலையில் வைக்கும் சிறு மின்னழுத்தம்) ஒத்துவராது.

இன்னொரு பதில்:
இந்த இரண்டையும் பல வருடம் கையாண்டவன் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஜெர்மானியத்தின் எதிரி சூடு. உள்ளே இருக்கும் ஜங்ஷன் (குறைகடத்தி அடுக்குகள் சேரும் இடம்) சுமார் 100 டிகிரி செல்சியஸிலேயே எல்லையைத் தொட்டுவிடும். சூடு ஏறினால் கசிவு மின்னோட்டம் கூடும், அது இன்னும் சூடாக்கும், கடைசியில் ஷார்ட். 1960களின் தொடக்கத்தில் ஆர்சிஏ என்ற அமெரிக்க நிறுவனம் கொண்டுவந்த 3055 இதை மாற்றியது: 15 ஆம்பியர், 60 வோல்ட், 115 வாட், ஜங்ஷன் 200 டிகிரி வரை தாங்கும். ஆரம்ப காலத்து 3055-இல் பேஸ் என்ற நடு அடுக்கு அகலம். அதனால் வேகம் குறைவு, ஆனால் அசாத்திய உறுதி. எனக்கு இன்றும் அதன் மேல் தனி மரியாதை உண்டு.

உங்கள் செட்டுக்கு ஏடி149 ஜோடியாகத் தேடுங்கள்.

கேட்டவர்:
சரி, தேடுகிறேன். டிரான்சிஸ்டருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே மின்காப்புக்காக இருக்கும் பழைய மைக்கா ஷீட்டே போதுமா?

பதில்:
புதிது போடுங்கள். டிரான்சிஸ்டரின் கலெக்டர் முனை உலோக உறையோடு சேர்ந்தது. மைக்காவில் கீறல் இருந்தால் ஹீட்சிங்க் வழியே ஷார்ட் ஆகும்.