மூதாதையர் நிலமா, ஆள்புலமா, முதுபுலமா? மோரோ அமைதி உடன்பாடுகளுக்கு ஒரு கலைச்சொல்

மடல் 1
பொருள்: 'ஆன்செஸ்ட்ரல் டொமைன்' – தமிழில் என்ன?

வணக்கம்.

பிலிப்பீன்சின் தெற்கிலுள்ள மிண்டனாவோவில், முஸ்லிம்களான மோரோ மக்களுக்கும் மணிலா அரசுக்கும் இடையே 1976 திரிப்போலி உடன்பாடு தொடங்கி எழுதப்பட்ட ஆவணங்களுக்கு ஒரு சொற்பட்டியல் தயாராகிவருகிறது. பெரும்பாலான சொற்களில் சிக்கலில்லை. 'ஆன்செஸ்ட்ரல் டொமைன்' மட்டும் தீராமல் நிற்கிறது. 'மூதாதையர் நிலம்' என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடலாம்தான். ஆனால் ஓர் அமைதி உடன்பாடே இந்தச் சொல் எதுவரை நீளும் என்ற சண்டையில் முறிந்திருக்கிறது. அதனால் அவசரப்பட மனமில்லை.

அரசும் மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணியும் 2001-இல் செய்துகொண்ட உடன்பாட்டில் மூன்று தலைப்புகள் இருந்தன: பாதுகாப்பு, மறுவாழ்வு, மூன்றாவதாக இது. இந்த மூன்றாவதற்கான புரிந்துணர்வு உடன்பாட்டில் 2008 ஜூலை 27 அன்று இரு தரப்பும் சுருக்கொப்பமிட்டன. ஆகஸ்ட் 5 அன்று கோலாலம்பூரில் முறையாகக் கையெழுத்தாக வேண்டியது. அதற்கு முந்தைய நாள் பிலிப்பீன்ஸ் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. வடக்கு கொத்தபாத்தோ மாகாணமும் சம்போவாங்கா, இலிகான் நகரங்களும் வழக்குத் தொடுத்திருந்தன. தங்கள் ஊர்களை மோரோ ஆட்சிப் பகுதிக்கான பட்டியலில் சேர்க்கும்போது தங்களிடம் கேட்கவே இல்லை என்பது அவற்றின் முறையீடு. சில நாட்களில் வடக்கு கொத்தபாத்தோவிலும் லனாவ் தெல் நோர்த்தேயிலும் சண்டை மூண்டு பல லட்சம் பேர் இடம்பெயர்ந்தார்கள். அக்டோபர் 14 அன்று 8க்கு 7 என்ற கணக்கில், அந்த உடன்பாடு அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பு வந்தது.

அந்த ஆவணத்தில் சொல்லின் வரையறை ஏறத்தாழ இப்படி: பங்சாமோரோ (மோரோக்கள் தங்கள் மக்களினத்துக்கு இட்டுக்கொண்ட பெயர்) மக்கள் தாங்களோ தங்கள் முன்னோர் வழியாகவோ, கூட்டாகவோ தனியாகவோ, தொன்றுதொட்டு உரிமை கொண்டாடி அனுபவித்து வருபவை. போர், கலவரம், வஞ்சகம், அரசுத் திட்டம் ஆகியவற்றால் இடையில் அனுபவம் அறுந்திருந்தாலும் உரிமை அறாது. நிலத்தோடு கடல், ஆறு, வண்டல், வான்வெளி, கனிமம் எல்லாம் அடக்கம். இது அரசுடைமை நிலத்தின் பகுதியல்ல என்றும் தனியே ஒரு வரி உண்டு.

இத்தனையையும் தாங்கும் சொல் வேண்டும். முன்மொழிவுகளைக் காரணத்தோடு எழுதுங்கள்.

மடல் 2

> 'மூதாதையர் நிலம்' என்று போட்டுவிட்டு

வணக்கம் ஐயா. அப்படிப் போட முடியாததற்கு பிலிப்பீன்ஸ் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. 1997-இன் பழங்குடி மக்கள் உரிமைச் சட்டம் (குடியரசுச் சட்டம் 8371) தன் 3ஆம் பிரிவில் 'ஆன்செஸ்ட்ரல் டொமைன்', 'ஆன்செஸ்ட்ரல் லேண்ட்' என்று இரண்டையும் தனித்தனியே வரையறுக்கிறது. பின்னது தனியாளோ குடும்பமோ குலமோ வைத்திருக்கும் வீட்டுமனை, வயல், படிக்கட்டு வயல், எரிபுனக் காடு, தோப்பு. முன்னது ஒரு சமூகம் முழுமைக்கும் உரியது. வேட்டைக்காடு, இடுகாடு, வழிபாட்டிடம், நீர்நிலை ஆகியவை அதில் வரும். இப்போது அவர்கள் கையில் மட்டும் இல்லாவிட்டாலும், பிழைப்புக்காக வழக்கமாகப் போய்வந்த இடங்களும் வரும். இரண்டுக்கும் சான்றாவணங்களே வேறு. எனவே 'நிலம்' என்பதைப் பின்னதற்கு ஒதுக்கிவைத்தே ஆகவேண்டும்.

'பூர்வீக' என்ற அடையும் வேண்டாம். தமிழ்நாட்டில் 'பூர்வீகச் சொத்து' என்றதும் பாகப்பிரிவினை, பங்காளி, கிரயப் பத்திரம் என்றுதான் மனம் ஓடும். இந்தச் சட்டம் சொல்வது நேர் எதிரானது. அது எல்லாத் தலைமுறைக்கும் உரிய சமூகச் சொத்து. விற்கவோ அழிக்கவோ கூடாது.

சான்றாவணத்தைப் 'பட்டா' என்று யாரும் பெயர்த்துவிடக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டா அரசு தருவது. இங்கே அரசு தருவதல்ல, இருப்பதை ஒப்புக்கொள்வது. வடக்கு பிலிப்பீன்சின் பெங்கெத்தைச் சேர்ந்த இபாலோய் இனத்தவரான மத்தேயோ கரின்யோ தொடுத்த வழக்கில், அப்போது பிலிப்பீன்சை ஆண்ட அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் 1909-இல் சொன்னது அதுதான். நினைவுக்கெட்டிய காலம் முதல் தனியுரிமையாக அனுபவிக்கப்பட்ட நிலம், ஸ்பெயின் வருவதற்கு முன்பிருந்தே அப்படி இருந்ததாகக் கொள்ளப்படும். அது ஒருபோதும் அரசுடைமையாக இருந்ததில்லை என்றது தீர்ப்பு. 'புலச் சான்றாவணம்' போன்ற ஒன்று பொருந்தும்.

மடல் 3

அன்பின் நண்பர்களுக்கு,

இலங்கையின் அரசியலமைப்புத் தமிழில் 'டெரிட்டரி' என்பதற்கு 'ஆள்புலம்' வழங்குகிறது. அதையொட்டி 'மூதாதையர் ஆள்புலம்' என்று வைக்கலாம். ஆள்புல நீர்ப்பரப்பு, ஆள்புல ஒருமைப்பாடு என்று சட்டத் தமிழில் பழகிய சொல். கடலும் வானும் தானாக உள்ளே வந்துவிடும்.

இன்னொரு வழியும் உண்டு. யாழ்ப்பாணத்து வழக்காற்றுச் சட்டமான தேசவழமையில் சொத்து மூன்று வகை: முதுசம், சீதனம், தேடியதேட்டம். முன்னோர்வழி வந்தது முதுசம். 'முதுசொம்' என்றும் எழுதுவர். 'முது' என்ற இரண்டெழுத்தே மூதாதையரைக் குறிக்கப் போதும் என்பதற்கு இது நடைமுறைச் சான்று. பழைய இலக்கியத்தின் 'முதுகுடி'யும் உண்டு. ஆகவே 'முதுபுலம்' என்று சுருக்கிவிடலாம். அப்படியானால் மடல் 2 கேட்ட பிரிவினையும் கிடைக்கும்: சமூகத்துடையது முதுபுலம், குடும்பம் அல்லது குலத்துடையது முதுநிலம்.

'மரபுவழித் தாயகம்' என்றும் யாரேனும் எழுதக்கூடும். அதை இப்போதே விலக்கிவிடுவது நல்லது. 2008 ஆவணத்தில் 'பங்சாமோரோ ஹோம்லாண்ட்' என்று தனியே ஒரு சொல் வருகிறது. 'தாயகம்' அதற்குத்தான் பொருத்தம்.

மடல் 4

> 'மூதாதையர் ஆள்புலம்' என்று வைக்கலாம்

இதைத் திடமாக மறுக்கிறேன். சொல்லழகு பற்றிய மறுப்பு அல்ல. 'ஆள்புலம்' என்பதில் 'ஆள்' இருக்கிறது. உடைமையும் ஆட்சியும் ஒன்றா வேறா என்பதுதான் 2008-இல் வெடித்த கேள்வி. கலைச்சொல்லே அதற்கு விடை சொல்லிவிட்டால், தமிழில் படிப்பவர் வழக்கின் ஒரு தரப்பை மட்டுமே படிப்பார்.

இரண்டு கோடுகளைப் பிரித்துப் பாருங்கள். முதற்கோடு, யாருக்குச் சொந்தம் என்பது. பிலிப்பீன்ஸ் அரசமைப்பின் 12ஆம் உறுப்பில் அரசுடைமை நிலமும் கனிமமும் நீரும் அரசுக்கே என்ற கோட்பாடு இருக்கிறது. ஸ்பெயின் முடியிடமிருந்து வழிவழியாக வந்தது அது. 'முடியுரிமைக் கோட்பாடு' எனலாம். அதே உறுப்பின் 5ஆம் பிரிவு பழங்குடிகளின் முன்னோர் நில உரிமையைக் காக்கச் சொல்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள இழுபறி 2000-இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்புக்கு வந்தபோது நீதிபதிகள் 7க்கு 7 எனப் பிரிந்தார்கள். பெரும்பான்மை கிடைக்காததால் மனு தள்ளுபடியாகி 1997 சட்டம் நிலைத்தது.

இரண்டாம் கோடு, யார் ஆள்வது என்பது. இது 10ஆம் உறுப்பு. முஸ்லிம் மிண்டனாவோவுக்கும் வடக்கிலுள்ள கோர்டில்லெரா மலைப்பகுதிக்கும் தன்னாட்சிப் பகுதி அமைக்க அது வழி தருகிறது. ஆனால் பொது வாக்கெடுப்பில் ஆம் என்ற ஊர்கள்தான் அதில் சேரும்.

2008 உடன்பாடு இந்த இரண்டு கோட்டையும் ஒரே தாளில் இணைத்தது. முதுபுல உரிமையை அடிப்படையாக வைத்து 'பங்சாமோரோ சட்ட அமைப்பு' என்ற ஆட்சியுருவை எழுப்பியது. கரையிலிருந்து 15 கிலோமீட்டர் வரை அதன் உள்நீர். இயற்கை வளத்தில் 75க்கு 25 என்ற பங்கு, பெரும்பங்கு அதற்கே. ஒரு பட்டியல் ஊர்களில் 12 மாதத்துக்குள் வாக்கெடுப்பு. இன்னொரு பட்டியலுக்கு 25 ஆண்டு கழித்து. மணிலாவுடன் அதற்கு உள்ள உறவைக் குறித்த 'அசோசியேட்டிவ்' என்ற சொல்லைத்தான் நீதிமன்றம் கடுமையாகப் பிடித்தது. மார்ஷல் தீவுகளும் மைக்ரோனேசியாவும் அமெரிக்காவோடு கொண்டது போன்ற உறவு அது, தனிநாட்டுக்குப் போகும் வழியிலுள்ள படி என்றது தீர்ப்பு.

உடைமைக் கோடும் ஆட்சிக் கோடும் ஒன்றல்ல என்பதைப் பின்னால் நடந்தவை இன்னும் துலக்கமாகக் காட்டின. பழைய தன்னாட்சிப் பகுதிக்குப் பதில் புதியதை அமைக்கும் 2018-இன் பங்சாமோரோ அமைப்புச் சட்டத்துக்கு 2019 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் வாக்கெடுப்பு. லனாவ் தெல் நோர்த்தேயில் 6 ஊர்கள் சேர விரும்பின. மாகாணம் மொத்தமாக ஒப்பாததால் வெளியே நின்றன. சூலு மாகாணம் வேண்டாம் என்றது. பழைய தன்னாட்சிப் பகுதியை ஒரே அலகாக எண்ணியதால் அது உள்ளே இழுக்கப்பட்டது. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை வெளியே எடுத்தது. சூலு வெளியேறியதால் அங்கே வாழும் தவுசுக் மக்களின் முன்னோர் உரிமை ஒரு சாண்கூடக் குறையவில்லை. ஆட்சியெல்லை வாக்குச்சீட்டால் நகரும், முன்னோர் உரிமை அப்படி நகராது. ஒன்றுக்கு 'ஆள்புலம்' சரி. மற்றதற்குக் கூடவே கூடாது.

'அரசு தந்தது' என்ற வாடை ஒட்டக்கூடாது என்று மடல் 2 சொன்னதற்கும் வரலாறு இருக்கிறது. 1903-இல் அமெரிக்க ஆட்சி போட்ட 718ஆம் சட்டம், சுல்தான்களும் டத்துகள் எனப்படும் குலத்தலைவர்களும் அரசின் ஒப்புதலின்றி வழங்கிய நிலக்கொடைகளைச் செல்லாதவை ஆக்கியது. 1919 அரசுநிலச் சட்டத்தில் கிறித்தவக் குடியேறிக்கு 24 எக்டேர் வரை, மோரோவுக்கும் பிற 'கிறித்தவரல்லாதாருக்கும்' 10 எக்டேர் வரை. 1936-இல் அது 16-உம் 4-உம் ஆனது. பதிவு செய்தவனுக்கே நிலம் என்ற முறையைப் பதிவே அறியாத மக்கள்மேல் போட்டு, பிறகு வடக்கிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். 'போர், வஞ்சகம், அரசுத் திட்டம்' என்ற சொற்கள் வரையறைக்குள் ஏன் நுழைந்தன என்பது இந்த எண்களைப் பார்த்தால் விளங்கும். அந்தப் பகுதியை யாரும் சுருக்கிப் பெயர்க்க வேண்டாம்.

முதுபுலத்துக்கே என் ஆதரவு.

மடல் 5

'முதுபுலம்' பற்றி இரண்டு தடங்கல்கள்.

ஒன்று, தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் 'புலம்' என்பது துறைகளின் தொகுதி. 'முதுகலை', 'முதுநிலை' என்பவை பட்டமேற்படிப்பு. சேர்ந்து வந்தால் படிப்பகம் என்று மயங்கலாம். இரண்டு, இலங்கைத் தமிழரிடையே இப்போது 'புலம்' என்றால் புலம்பெயர்ந்த நாடு. 'புலத்தில் இருப்பவர்கள்' என்றால் கனடாவிலோ சுவிஸிலோ இருப்பவர்கள். முன்னோர் மண்ணைச் சொல்லவேண்டிய சொல் அவர்களுக்கு நேரெதிராகக் கேட்கும்.

ஆகவே ஒரு கட்டுரையிலோ ஆவணத்திலோ முதல்முறை வரும்போது 'மூதாதையர் புலம் (இனி, முதுபுலம்)' என்று விரித்துவிட வேண்டும். செய்தித் தலைப்பில் தனியாக நிற்கும்போது 'மூதாதையர் புலம்' என்ற நீண்ட வடிவமே பாதுகாப்பு.

ஐந்திணையில் கடலோரமும் நெய்தல் 'நிலம்'தானே, எனவே 'முதுநிலம்' ஒன்றே எல்லாவற்றையும் தாங்காதா என்று கேட்கத் தோன்றும். இலக்கணத்தில் தாங்கும். ஆனால் லனாவ் ஏரியின் நீரையும் அகுஸ் ஆற்று மின்நிலையங்களையும் லிகுவாசான் சதுப்பின் எரிவளியையும் பற்றிப் பேசும் ஒரு பிரிவில், 'நிலம்' என்று எழுதினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நீரை வெளியே தள்ளிவிடுவார்.

மடல் 6

எல்லோருக்கும் நன்றி. பக்கத்தில் நிற்கும் சில சொற்களையும் இப்போதே முடிவு செய்வோம். இவை தனித்து நின்றால் சரியாகத் தெரியும், சேர்ந்து வரும்போது குழப்பும்.

2008 ஆவணத்தின் 'அசோசியேட்டிவ்' என்ற உறவுச் சொல்லுக்கு 'கூட்டுறவு' வேண்டாம். பால் கூட்டுறவுச் சங்கம்தான் நினைவுக்கு வரும். 'இணைவு உறவு' என்று வைக்கிறேன். 2012 சட்டக உடன்பாட்டில் அதை விலக்கிவிட்டு, மற்ற வட்டாரங்களுக்கு உள்ளதிலிருந்து மாறுபட்ட ('அசிமெட்ரிக்') உறவு என்று எழுதினார்கள். 'சமச்சீரற்ற' என்றால் ஏதோ அநீதி போலத் தொனிக்கிறது. 'ஒப்பில்லாத' என்றால் புகழ்ச்சி ஆகிவிடுகிறது. 'வேறுநிலை உறவு' என்பது பரவாயில்லை.

அரசுடைமை நிலத்தைப் 'புறம்போக்கு' என்று பெயர்க்கக் கூடாது. புறம்போக்கு நம் வருவாய்த்துறை வகைப்பாடு. பிலிப்பீன்சில் அரசுடைமை நிலம் வேளாண் நிலம், காடு, கனிம நிலம், தேசியப் பூங்கா என்று நான்காகப் பிரியும். முதலாவதை மட்டுமே தனியாருக்கு மாற்றலாம்.

தன்னாட்சி, சுயநிர்ணய உரிமை இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றி எழுதவேண்டாம். முன்னது அரசமைப்புக்குள் கிடைக்கும் ஆட்சி முறை. பின்னது மக்களின் உரிமை; 2014 விரிவான உடன்பாட்டின் மேசையில் தன்னாட்சியைக் கேட்க மோரோ தரப்பு முன்வைத்த நியாயம்.

எல்லாம் சேர்த்து ஒரு சோதனை வரி:

"மோரோ முதுபுலம் அரசுடைமை நிலத்தின் பகுதியன்று, தன்னாட்சிப் பகுதியின் ஆள்புலம் பொது வாக்கெடுப்பால் அமையும்."

முன்பாதி 2008 ஆவணத்தின் கருத்து, பின்பாதி அரசமைப்பின் கருத்து. எந்தச் சொல்லும் மற்றதன்மேல் ஏறவில்லை. இடித்தால் சொல்லுங்கள்.

மடல் 7

ஒன்று இடிக்கிறது: 'மோரோ முதுபுலம்'.

மகிந்தனாவோவின் மலைகளில் தெதுராய், லம்பாங்கியான், துலாங்கான் மனோபோ மக்கள் இருக்கிறார்கள். முஸ்லிம்கள் அல்லர், தங்களை மோரோ என்று சொல்லிக்கொள்வதும் இல்லை. தன்னாட்சிப் பகுதிக்குள்ளேயே அவர்களுக்கென்று முதுபுலக் கோரிக்கை இருக்கிறது. அது நெடுங்காலம் இழுபட்டது. பங்சாமோரோ என்பதற்கு 2008 ஆவணம் தந்த வரையறை, குடியேற்ற ஆட்சி வந்தபோது மிண்டனாவோ, பலாவான், சூலு தீவுகளில் வாழ்ந்த பூர்வகுடிகள் எல்லோரையும் அணைத்துக்கொண்டு, 'பழங்குடிகளின் தெரிவுரிமை மதிக்கப்படும்' என்று ஒரு வரியைச் சேர்த்தது. அந்த ஒரு வரி போதாது என்பதே இம்மக்களின் கவலை. 2018 சட்டம் மோரோ அல்லாத பழங்குடிகளின் உரிமைகளைத் தனிப் பிரிவாகவே ஏற்றது.

'மோரோ' என்பதை அடையாக ஒட்டினால் முதுபுலம் என்பதே மோரோக்களுக்கு மட்டும் உரிய ஒன்றுபோல ஆகிவிடும். ஆறாம் வேற்றுமையில் பிரித்து எழுதினால் யார் பெயரும் அங்கே வரலாம்: "பங்சாமோரோ மக்களின் முதுபுலம்", "தெதுராய் மக்களின் முதுபுலம்".

பட்டியலில் இப்படி ஏற்றிவிடுகிறேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்:

முதுபுலம் (பெ.) – மூதாதையர் புலம். ஒரு மக்கட்சமூகம் தொன்றுதொட்டுத் தன் முன்னோர் வழியாக உரிமை கொண்டாடும் நிலம், நீர், வளம் ஆகியவற்றின் தொகுதி. அரசு அளித்ததன்று. குடும்ப அல்லது குல நிலத்துக்கு 'முதுநிலம்' காண்க; ஆட்சி எல்லைக்கு 'ஆள்புலம்' காண்க. மக்களின் பெயரை ஆறாம் வேற்றுமையில் முன்வைத்து எழுதுக.