காலேஜ் டீமில் ஆடிக்கொண்டே படித்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தங்கை விளையாட்டு ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்திருக்கிறாள். கூடைப்பந்து. காலையும் மாலையும் பிராக்டிஸ். படிப்பு என்ன ஆகுமோ என்று அம்மாவுக்குக் கவலை. நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

பதில் 1

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தேன். அணியில் பாயின்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற இடம். எல்லாரும் செமஸ்டர் தேர்வை நினைத்துத்தான் பயப்படுவார்கள். ஆட்டக்காரர்களை உண்மையில் படுத்துவது வருகைப்பதிவும் லேபும்தான். 75 சதவீதம் இருக்க வேண்டும். போட்டிக்குப் போனவர்களுக்கு 65 வரை சலுகை உண்டு. அதற்கும் கீழே போனால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். மண்டலப் போட்டி, அப்புறம் தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டி, அதில் முதல் நான்கு இடத்துக்குள் வந்தால் அகில இந்தியப் போட்டி. ஜெயிக்க ஜெயிக்க வகுப்பு போய்க்கொண்டே இருக்கும்.

தியரிக்கு நண்பர்களின் நோட்டு போதும். தவறவிட்ட லேபுக்கு யார் நோட்டும் உதவாது. மெஷின் முன்னால் நின்று ரீடிங் எடுத்திருந்தால்தான் வைவாவில் வாய் திறக்க முடியும். அதனால் போட்டித் தேதி தெரிந்தவுடனே ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதத்தில் பி.டி. சாரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு நேராக லேப் ஆசிரியரைப் பார்ப்பேன். "சார், அடுத்த வாரம் இருக்க மாட்டேன், இன்னொரு பேட்ச்சோடு வந்து முடிச்சிடட்டுமா?" போவதற்கு முன்னால் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். திரும்பி வந்து கேட்டால் ரெக்கார்டில் கையெழுத்து விழாது.

ஒருவர் மட்டும் ஒவ்வொரு முறையும் "பந்து சோறு போடுமா?" என்பார். அந்த சீட்டை வாங்கிக் கொடுத்ததே பந்துதான். கலந்தாய்வில் விளையாட்டுக்கென்று 500 இடங்கள் இருப்பதால்தான் என்னைப் போன்றவர்கள் அந்த வகுப்பில் உட்கார முடிந்தது. இதை உங்கள் அம்மாவிடமும் சொல்லுங்கள்.

பதில் 2

நான் பி.காம்., சென்னை. எனக்குத் தூக்கம்தான் பெரிய பாடு. காலைப் பிராக்டிஸ் முடிந்து முதல் பீரியடில் உட்கார்ந்தால் கண் சொக்கும். ராத்திரி கண்விழித்துப் படிப்பதை விட்டுவிட்டு, வகுப்பு முடிந்து மாலைப் பிராக்டிஸ் தொடங்கும்வரை லைப்ரரியில் உட்கார ஆரம்பித்தேன். தேர்வு நேரத்தில் கோச் அக்கா ஓட்டத்தை நிறுத்திவிட்டு ஷூட்டிங் மட்டும் போதும் என்பார். அப்படி ஒரு கோச் கிடைப்பது பாக்கியம்.

பட்டத்தை விடவே கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் வேலை. அனிதா பால்துரை அக்கா தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டேதான் இந்திய அணிக்கு ஆடினார். 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே ரயில்வேயின் ஸ்போர்ட்ஸ் கோட்டா அறிவிப்பை எடுத்துப் பாருங்கள். உயர்ந்த நிலைப் பணியிடங்களுக்கு விளையாட்டுச் சான்றிதழோடு பட்டமும் கேட்கிறார்கள். அரியரை வைத்துக்கொண்டு அங்கே விண்ணப்பிக்க முடியாது.

பதில் 3

முழங்காலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. எனக்கு ஏ.சி.எல். என்கிற முழங்கால் தசைநார் கிழிந்து ஒரு சீசனே போனது. பெண்களுக்கு இந்தக் காயம் அதிகம். குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயாமல் இறங்குவதற்கென்றே பயிற்சிகள் உண்டு. முதலாம் ஆண்டிலேயே கோச்சிடம் கேட்டு வாம்-அப்போடு சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள்.