முகவரியைப் பார்த்து விண்ணப்பத்தை ஒதுக்கச் சொல்கிறார்கள்: புதிய பொறுப்பாளர் என்ன செய்வது?

கேள்வி: மண்ணடி ஆவணப் பிரிவு

அனைவருக்கும் வணக்கம். மண்ணடியில் உள்ள ஒரு சுங்கத் தரகு நிறுவனத்தில் 14 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். கஸ்டம் ஹவுஸுக்கு (சுங்க அலுவலகத்துக்கு) காகிதம் கொண்டுசெல்லும் பையனாக, தேர்வெழுதாத ஊழியருக்கான சுங்க அடையாள அட்டையான எச் கார்டுடன் சேர்ந்தவன், பிறகு தேர்வெழுதி அதற்கு மேற்பட்ட ஜி கார்டு பெற்றேன். சென்ற மாதம் ஆவணப் பிரிவின் பொறுப்பு என்னிடம் வந்தது. வந்தவுடன் கிடைத்த முதல் வேலை ஆள் எடுப்பது. அலுவலகத்துக்கு 4 பேரும், மணலிப் பக்கம் உள்ள கன்டெய்னர் யார்டுக்கு 2 பேரும் தேவை. 61 விண்ணப்பங்கள் வந்துள்ளன.

அந்தக் கட்டை என் மேசையில் வைத்த முதலாளி, சென்னை-39 (வியாசர்பாடி), சென்னை-118 (கொடுங்கையூர்) என்று முடியும் முகவரிகளை முதலில் தனியே எடுத்து வைத்துவிடச் சொன்னார். "உள்ளூர்ப் பையன்கள் வேண்டாம், நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் பத்துப் பேர் வாசலில் வந்து நிற்பார்கள்" என்பது அவர் சொன்ன காரணம். நான் பிறந்து வளர்ந்தது வியாசர்பாடி, அதாவது அதே சென்னை-39. அது அவருக்கும் தெரியும். அதனால்தான் "உன்னைச் சொல்லவில்லை" என்று உடனே சேர்த்துக்கொண்டார். அவர் சொன்ன காரணத்தைவிட, சமாதானமாகச் சொன்ன அந்த வார்த்தைதான் என்னை அதிகம் உறுத்துகிறது.

மறுபக்கமும் எனக்கு நிம்மதி இல்லை. நேற்றுவரை என்னோடு ஒரே மேசையில் சோற்றுப் பொட்டலம் பிரித்தவர்கள், இன்று தம்பி, மைத்துனர், எதிர்வீட்டுப் பையன் என்று பெயர் எழுதிக் கொடுக்கிறார்கள். "நீ மேலே போனால் நம்ம பசங்களுக்கு ஒரு வழி பிறக்கும் என்றுதானே இருந்தோம்" என்று ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். முதலாளி சொன்னபடி செய்தால் என் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. நண்பர்கள் சொன்னபடி செய்தால் முதலாளி பயந்தது சரியென்று நானே நிரூபித்ததாகிவிடும். பொறுப்புக்கு வந்து ஒரு மாதம்கூட முழுதாக ஆகாத நிலையில் இதை எப்படிக் கையாளுவது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: திருவொற்றியூர் மனிதவளம்

ஐயா, எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய தொழிற்சாலைகளில் 22 ஆண்டுகள் ஆள் எடுக்கும் வேலையைச் செய்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் உங்களுக்குப் பெரிய துணை கிடைக்காது. அரசுப் பணியில் ஒருவரை வசிப்பிடத்தைக் காரணமாக்கி ஒதுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 16(2) வெளிப்படையாகவே கூறுகிறது. ஆனால் அது தனியார் நிறுவனத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே முதலாளியிடம் நியாய அநியாயத்தில் பேச்சைத் தொடங்காமல், எந்த முறை நல்ல ஆளைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் என்பதில் தொடங்குங்கள்.

இதற்குக் கைவசம் கணக்கு இருக்கிறது. 2022-இல் பால் சாக்கெட் என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும், பல பத்தாண்டுகளின் ஆய்வுகளை எடுத்து, ஒவ்வொரு தேர்வுமுறையும் பிற்காலப் பணித்திறனோடு எவ்வளவு பொருந்துகிறது என்று திரும்பக் கணக்கிட்டார்கள். 1 என்றால் முழுப் பொருத்தம், 0 என்றால் தொடர்பே இல்லை. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பெண் இடும் நேர்காணல் 0.42 பெற்றது, வாய்க்கு வந்ததைக் கேட்டு மனத்துக்குப் பட்டதை முடிவாக்கும் நேர்காணல் 0.19 பெற்றது, வேலையின் ஒரு துண்டைக் கொடுத்துச் செய்துகாட்டச் சொல்வது 0.33 பெற்றது. எத்தனை ஆண்டு அனுபவம் என்ற கணக்குக்குக் கிடைத்தது வெறும் 0.07. நாம் விளம்பரத்தில் முதல் வரியில் எதைப் போடுகிறோம் என்பதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

உங்கள் தொழிலில் இதைச் செய்வது எளிது. பழைய கோப்பு ஒன்றிலிருந்து இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்குச் சீட்டு) மூன்றையும் நகலெடுத்து, கட்சிக்காரர் பெயர்களை மாற்றிவிட்டு, நீங்களே சில தவறுகளை உள்ளே வையுங்கள். பெட்டிகளின் எண்ணிக்கை ஒன்றில் 240, மற்றொன்றில் 204 என்று இருக்கட்டும். மொத்த எடை நிகர எடையைவிடக் குறைவாக இருக்கட்டும். எட்டு இலக்கச் சுங்க வகைப்பாட்டு எண்ணில் ஓர் இலக்கம் விடுபட்டிருக்கட்டும். 40 நிமிடம் கொடுத்து, எத்தனை தவறுகளைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பாருங்கள். யார்டு வேலைக்கு வருகிறவர்களிடம் 20 கன்டெய்னர் புகைப்படங்களைக் கொடுத்து, நான்கு எழுத்தையும் ஏழு இலக்கத்தையும் சீல் எண்ணையும் பிழையின்றி எழுதச் சொல்லுங்கள். அந்த ஏழாவது இலக்கம் முன்னால் உள்ளவற்றைச் சரிபார்ப்பதற்காகவே வைக்கப்பட்டது என்பதை ஒருவர் தாமாகச் சொன்னால் கூடுதல் மதிப்பெண் கொடுங்கள்.

விடைத்தாள்களில் பெயரும் முகவரியும் வேண்டாம், வரிசை எண் மட்டும் போதும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, முதலாளிக்கு உண்மையில் எதைப் பற்றி அச்சம் என்று தனியாக உட்கார்ந்து கேளுங்கள். "உள்ளூர்ப் பையன்கள்" என்ற சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரே ஒரு பழைய நிகழ்ச்சி ஒளிந்திருக்கும். அது வெளியே வந்தால்தான் நீங்கள் பதில் சொல்ல முடியும்.

பதில் 2: காசிமேட்டுப் பெண்

வேலைக்கு விண்ணப்பித்த காலத்தில், அண்ணா நகரில் உள்ள என் அத்தை வீட்டு முகவரியைத்தான் எழுதினேன். அதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே எங்கள் கல்லூரி ஆசிரியர் ஒருவர். வேலை கிடைத்தது; பிறகு வருங்கால வைப்பு நிதிக்காக ஆதாரைக் கொடுத்தபோது முகவரி மாறியிருந்ததைப் பார்த்து, என்னைப் பொய் சொன்னவள் போல நடத்தினார்கள். முகவரியைக் கேட்பதற்கு ஒரு காலம் உண்டு, அது வேலை கொடுத்த பிறகு என்பதுதான் என் கருத்து.

இன்னொன்றையும் கவனியுங்கள். முகவரியை மறைத்துவிட்டு நேர்காணலில் "அப்பா என்ன செய்கிறார்" என்று கேட்டால் எல்லாம் வீண். மீன்பிடித் துறைமுகத்தில் படகுக்குப் போகிறார் என்று நான் சொன்ன பிறகு அந்த அறையில் விழுந்த அமைதி இன்றும் நினைவில் இருக்கிறது. 2007-இல் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லிப் பக்கத்துப் பெரிய நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களிடம் பேசி எழுதிய கட்டுரையில், திறமை ஒன்றே அளவுகோல் என்று சொல்லும் அதே மேலாளர்கள் குடும்பப் பின்னணியையும் கேட்காமல் விடுவதில்லை என்று காட்டியிருக்கிறார்கள். அதே ஆண்டில் சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெலும் வெளியிட்ட ஆய்வில், செய்தித்தாள் விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுடைய விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்காகவும், முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்காகவும் குறைந்தது. பெயருக்கே இந்த நிலை என்றால், பெயரும் முகவரியும் தந்தையின் தொழிலும் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பதில் 3: மாதவரம் சிறுதொழில்

நான் 18 பேரை வைத்துத் தொழில் நடத்துகிறவன். இங்கே முதலாளியைக் குறை சொல்வது எளிது. ஒரு பில் ஆஃப் என்ட்ரியில் (சுங்கத்துக்குக் கொடுக்கும் இறக்குமதிப் படிவத்தில்) ஒருவர் செய்யும் தவறால் சரக்கு ஒரு வாரம் நின்றால், டெமரேஜ், டிடென்ஷன் என்ற தாமதக் கட்டணங்கள் யார் தலையில் விழுகின்றன? சிறிய நிறுவனத்துக்குத் தெரிந்தவர் சொல்லி வரும் ஆள்தான் ஜாமீன். முகவரியைப் பார்ப்பது தவறு என்று ஒப்புக்கொள்கிறேன்; ஆனால் ஆராய்ச்சிக் கணக்கை நம்பி ஆள் எடுக்க எனக்குத் துணிவில்லை. மூன்று நாள் சம்பளமில்லாமல் வரச் சொல்லுங்கள், கூடவே வைத்திருந்து பாருங்கள், முன்பு வேலை செய்த இடத்துக்கு நீங்களே தொலைபேசியில் பேசுங்கள். ஆள் எப்படி என்பது தெரிந்துவிடும்.

பதில் 4: திருவொற்றியூர் மனிதவளம்

மாதவரம் நண்பருக்கு: முன்பு வேலை செய்த இடத்தில் விசாரிப்பது நல்ல வழக்கம், அதை நானும் செய்வேன். ஆனால் சம்பளமில்லாத மூன்று நாளை யாரால் தாங்க முடியும் என்று எண்ணிப் பாருங்கள். வீட்டில் வேறொரு வருமானம் இருப்பவர்தான் வருவார், மற்றவர் தாமாகவே விலகிவிடுவார். முகவரியை வைத்து வடிகட்டுவதைக் காசை வைத்துச் செய்வதாகவே அது முடியும். மூன்று நாள் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் மூன்று நாள் கூலியைக் கொடுத்துவிட்டுப் பாருங்கள்.

பதில் 5: ஓய்வுபெற்ற ஃபோர்மேன், தண்டையார்பேட்டை

தம்பி, நீங்கள் எழுதியதில் மற்றவர்கள் அதிகம் தொடாத பகுதியைப் பற்றி மட்டும் சொல்லுகிறேன். முதலாளியைச் சமாளிப்பதைவிட, உங்களோடு சாப்பிட்டவர்களைச் சமாளிப்பதுதான் கடினம். 31 ஆண்டுகள் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் இருந்தேன். அதில் 12 ஆண்டுகள் நான் ஃபோர்மேன்.

நம் பகுதியில் பழைய பஞ்சாலைக் காலத்தில் ஆள் எடுத்தவர் மேஸ்திரி. அவர் தம் ஊரையும் உறவையும் கொண்டுவந்து சேர்ப்பார், அதற்குக் கையூட்டும் பெறுவார். வேலை கொடுத்தவர் அவரே என்பதால், திட்டினாலும் அடித்தாலும் கேட்க நாதியில்லை. பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியபோது, சாப்பாட்டு இடைவேளை போதாது என்பதோடு மேல்நிலை ஆட்கள் நடத்தும் விதமும் அவர்களுடைய குறையாக இருந்தது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் ஓடியாடி, பி. பி. வாடியா தலைவராக இருந்து, திரு.வி.க. மேடையேறிப் பேசி வளர்த்த சங்கம் அது. என் தாத்தா அந்த ஆலையில் இருந்தவர், ஆகையால் இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் சோற்றோடு பிசைந்தது. பழைய கதை பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். உங்கள் நண்பர்கள் பெயர் எழுதிய துண்டுச் சீட்டை நீங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால், அடுத்த மேஸ்திரி நீங்கள்தான். உங்களால் உள்ளே வந்தவன் தவறு செய்யும்போது உங்களால் கண்டிக்க முடியாது. அவன் நன்றாக வேலை செய்தாலும் "அவன் ஆள்" என்ற பெயர் அவனை விட்டுப் போகாது.

ஆகவே சீட்டு கொடுத்தவர்களை ஒன்றாகக் கூப்பிட்டு, எல்லோருக்கும் ஒரே தேர்வு, உங்கள் பையன்களும் வரலாம், தேர்வு இன்ன மாதிரி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், வருகிற எவருக்கும் பில் ஆஃப் லேடிங் எப்படிப் படிப்பது என்று சொல்லிக் கொடுங்கள். அது சலுகையாகாது, வாசலில் அறிவிப்பு ஒட்டி எல்லோருக்கும் திறந்து வையுங்கள்.

பிறகு தேறாதவனிடம் நீங்களே நேரில் பேச வேண்டும். நான் முதல்முறை ஆள் எடுத்தபோது இதைச் செய்யாமல், அலுவலகத்திலிருந்து கடிதம் போகட்டும் என்று இருந்துவிட்டேன். மறுவாரம் ரேஷன் கடை வரிசையில் அந்தப் பையனின் அம்மா எனக்கு முன்னால் நின்றிருந்தார். ஒரு வார்த்தையும் கேட்கவில்லை, என் பையைத் தூக்கி மேடையில் வைக்க உதவிவிட்டுப் போனார். அதன்பிறகு ஓய்வு பெறும்வரை, தேறாத ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, அவனுடைய தாளைக் காட்டி, எங்கே தவறியது என்று சொல்லாமல் அனுப்பியதில்லை. சிலர் கோபித்தார்கள். இரண்டு பேர் மறு ஆண்டு திரும்ப வந்து தேறினார்கள்.

மீண்டும்: மண்ணடி ஆவணப் பிரிவு

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. திருவொற்றியூர் அம்மா சொன்னபடியே முதலாளியிடம் தனியாகக் கேட்டேன். நான் சேர்வதற்கு முன்பு, யார்டில் ஒருவரை வேலையிலிருந்து நீக்கியபோது அவருடைய உறவினர்கள் வந்து வாயிற்கதவை இரண்டு மணி நேரம் மறித்திருக்கிறார்கள். அன்று நான்கு ட்ரெய்லர்கள் வெளியே போக முடியாமல் கப்பலைத் தவறவிட்டன. அந்த ஆளைக் காரணம் சொல்லாமல், கேட்டில் வைத்தே அனுப்பியிருக்கிறார்கள் என்பதும் அந்தப் பேச்சிலேயே வெளிவந்தது. நீக்கினாலும் எழுத்தில் காரணம் கொடுத்து, கணக்கை அன்றே முடித்து அனுப்பும் முறை ஒன்றை நான் எழுதித் தருகிறேன் என்றேன். இரவில் கப்பல் நேரம் நெருங்கும்போது, தாம்பரத்திலிருந்து ஒருவர் மணலிக்கு வந்து சேர்வதற்குள் கேட் மூடிவிடும், கொடுங்கையூர்க்காரர் அரை மணியில் வந்து நிற்பார் என்பதையும் சொன்னேன். அவருக்கு உறைத்தது இந்த இரண்டாவது கணக்குதான் என்று நினைக்கிறேன். முழு மனத்தோடு ஒப்புக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். "சரி, உன் முறையில் ஒருமுறை பார்ப்போம்" என்றார்.

61 பேரில் 47 பேர் தேர்வுக்கு வந்தார்கள். எண்ணிட்ட தாள்களை நானும் இன்னொரு பிரிவின் பொறுப்பாளரும் தனித்தனியாகத் திருத்தினோம். தேறியவர்களில் இருவர் சென்னை-39, ஒருவர் சென்னை-118. எனக்குச் சீட்டு கொடுத்த நண்பரின் தம்பி தேறவில்லை. தண்டையார்பேட்டை ஐயா சொன்னபடி தாளைக் காட்டிப் பேசினேன். தம்பி கேட்டுக்கொண்டார், அண்ணன் இன்னும் என்னோடு சாப்பிட உட்காருவதில்லை. முதலாளியின் உறவுக்காரப் பையன் ஒருவரும் தேறவில்லை என்பது பெயர்ப் பட்டியலைத் திறந்த பிறகே எங்களுக்குத் தெரிந்தது. முதலாளி அந்தத் தாளை வாங்கி இரண்டு முறை பார்த்தார், எதுவும் சொல்லாமல் மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

ஐந்து பேர் சேர்ந்துவிட்டார்கள், அவர்களுக்கு எச் கார்டு விண்ணப்பம் தயாராகிறது. யார்டில் ஓர் இடம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது, அதற்குத் தாள் வரிசைப்படி அடுத்து இருப்பவரை அழைக்கலாமா என்று திங்கட்கிழமை கேட்க இருக்கிறேன்.